எட்டு வெற்றி, ஒரு தோல்வி

வெர்ஜில் தீலன் பால் லாரி ஓட்டுகிறவர். செயின்ட் உல்ரிக் ஊரைச் சுற்றியுள்ள பண்ணைகளில் பாலை எடுத்துச் சீஸ் ஆலையில் கொண்டுபோய் ஊற்றுவது அவர் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை என்று பார்த்து எந்த மாடும் மடியை மூடிக்கொள்வதில்லை என்பதால் அவருக்கும் ஞாயிறு கிடையாது. இருந்தாலும் கோடை முழுக்க ஞாயிறு மதியம் லாரியைக் கழுவி நிறுத்திவிட்டு, ஊர் பேஸ்பால் மைதானத்தின் நடுவிலுள்ள மண்மேட்டில் ஏறி நின்றுவிடுவார். வயது நாற்பத்து நான்கு. அதில் இருபத்தைந்து வருடம் ஊர்க்குழுவின் பந்துவீச்சாளர்.

அவர் பந்து வேகமாக வராது. வழியில் நாலு வீட்டில் நலம் விசாரித்துவிட்டு வருவதுபோல வரும். மட்டைக்காரன் பொறுமையிழந்து முன்கூட்டியே மட்டையைச் சுழற்றிவிடுவான், பந்து எங்கேயாவது எழும்பும், யாராவது பிடிப்பார்கள். இப்படியே காலம் ஓடியது. அவர் மனதில் இருந்த ஆசை ஒன்றே ஒன்று: மாநிலப் போட்டியில் ஒரு ஆட்டத்தையாவது முதல் பந்திலிருந்து தான் தொடங்கிப் போட வேண்டும். ஊர் அங்கே இரண்டு முறை போயிருக்கிறது. ஒரு முறை தொழுவத்துக் கதவில் மணிக்கட்டை நசுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னொரு முறை கையெல்லாம் நன்றாகத்தான் இருந்தது; யாரும் கூப்பிடவில்லை. இந்த வருடத்தோடு விட்டுவிடுவதாக மனைவி டோரீனிடம் சொல்லியிருந்தார். டோரீன் மூன்று வருடமாக அதைக் கேட்டுக்கொண்டிருப்பவள்.

அந்த ஆகஸ்டில் செயின்ட் உல்ரிக் வட்டாரத்தில் ஜெயித்து மாநிலப் போட்டிக்குத் தேர்வானது. அதே ஆட்டத்தில் குழுவின் முதன்மைப் பந்துவீச்சாளனுக்குத் தோள்பட்டை வீங்கிக் கை தூக்க முடியாமல் போயிற்று. அடுத்த இடத்தில் இருந்தவர் வெர்ஜில். எட்டு ஆட்டம் ஜெயித்து ஒன்று தோற்றவர். முதன்மைக்காரனுக்காக அவர் வருத்தப்பட்டார். ஆனால் மனதுக்குள் ஒரு மணி அடித்ததை அவரால் மறைக்க முடியவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாநிலப் போட்டிக்குப் போகிற ஊர், வட்டாரத்தில் தோற்றுப்போன ஊர்களிலிருந்து மூன்று பந்துவீச்சாளர்களைத் தேர்ந்தெடுத்துக் கூட்டிப்போகலாம். கோடை முழுக்க யாரை வாய்க்கு வந்தபடி ஏசினோமோ அவனையே போனில் கூப்பிட்டு, வந்து எங்களுக்காகப் போடு தம்பி என்று கெஞ்ச வேண்டும். அவனும் தன் ஊர்ச் சட்டையோடே வந்து நம் ஆட்களுக்கு நடுவில் நிற்பான். அந்த மூன்று பெயரை முடிவு செய்ய ஞாயிறு மாலை ஐந்து பேர், குழுவின் மேலாளர் கிளீட்டஸின் பாரில் கூடினார்கள். கிளீட்டஸ் டோரீனின் அண்ணன். ஆறு மணிக்குள் பெயர்களைச் சொல்லியாக வேண்டும். பொரித்த சீஸ் கட்டிகள் ஒரு கூடை வந்தது, தீர்ந்தது, இன்னொரு கூடை வந்தது.

முதல் இரண்டு பெயரில் சண்டையில்லை. இரண்டு பேருமே கடைசி இன்னிங்ஸுகளில் வந்து முடித்து வைக்கிறவர்கள். மூன்றாவது பெயரில்தான் தகராறு. ஒரு பக்கம் பக்கத்து ஊர் ஹார்லன், நாற்பத்தெட்டு வயசு, தொந்தி, முட்டிவலி. ஒன்பது ஜெயித்து ஒன்று தோற்றவர். மறுபக்கம் ஓல்ம்பர்க் ஊரின் டெவின், இருபது வயசுக் கல்லூரிப் பையன். மூன்று ஜெயித்து ஆறு தோற்றவன். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஹார்லனால் நாலு இன்னிங்ஸுக்கு மேல் நிற்க முடியாது. அவரை எடுத்தால் ஆட்டத்தைத் தொடங்குவது வெர்ஜில்தான். டெவினை எடுத்தால் தொடங்குவது டெவின். மேசையில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும். ஒருவரும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

"இதுல பேச என்னய்யா இருக்கு? ஹார்லன்தான்," என்றார் மட்டைக்காரனுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிற நார்பர்ட். "அந்தப் பய ஆறு ஆட்டம் தோத்திருக்கான். தோத்துப் பழகினவன கூட்டிட்டுப் போய் பூஜையா பண்றது?"

"டெவின் தோக்கல. அவன் ஊரு தோத்துச்சு," என்றாள் கிரெட்சன். வங்கியில் வேலை பார்ப்பவள். குழுவின் ஆட்டக்கணக்கு முழுக்க அவள் மடிக்கணினியில்தான் இருக்கிறது. "அவன் போடுற அன்னைக்கு அவங்க ஆளுங்க ரெண்டு ஓட்டம் எடுத்தாலே பெருசு. ஆனா அவன் முன்னாடி நிக்கிற பத்துப் பேர்ல நாலு பேரு பந்த தொடாமலே வெளிய போறான். அதுதான் அவன் கையில இருக்கிறது. வெற்றி தோல்விங்கிறது ஒம்பது பேரோட கணக்கு. அத ஒருத்தர் தலையில எழுதுறதே தப்பு."

"தப்புன்னா எதுக்கும்மா பேப்பர்ல போடுறான்?"

"பேப்பர்ல ராசிபலனும்தான் போடுறான். இன்னைக்கு உங்களுக்கு தனலாபமாம், சீஸுக்கு நீங்களே காசு குடுங்க."

மேசை சிரித்தது. நார்பர்ட் வெர்ஜிலைப் பார்த்தார். "நீ சொல்லுய்யா. பந்து போடுறவன் நீ."

வெர்ஜில் பீரை நகர்த்தி வைத்தார். அவருக்குப் பேச்சு வராது என்பார்கள், அன்றைக்கு வந்தது. "ஜெயிக்கிறதும் ஒரு பழக்கம்தான் கிரெட்சன். மூணு ஓட்டம் முன்னால இருக்கும்போது எப்படிப் போடணும், ஒரு ஓட்டம்தான் இருக்குன்னா எப்படிப் போடணும், இதெல்லாம் அனுபவம். எந்த எடத்துல விட்டுக் குடுக்கலாம், எந்த எடத்துல இறுக்கிப் பிடிக்கணும்னு தெரிஞ்சவன்தான் ஜெயிப்பான். அத உன் பொட்டியில எப்படி எண்ணுவ?"

"அப்படிப் போடு!" என்று கிளீட்டஸ் மேசையைத் தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள்.

கிரெட்சன் வாயைத் திறந்தாள். வெர்ஜிலை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டு மடிக்கணினியையும் மெதுவாக மூடினாள்.

அவருக்குச் சுருக்கென்றது. அவள் தோற்றுப்போய் மூடவில்லை. ஹார்லனின் ஒன்பதுக்கு ஒன்று எந்த ரகமோ அதே ரகம்தான் தன் எட்டுக்கு ஒன்றும். அதைப் பிரித்துக் காட்ட மனமில்லாமல் மூடியிருக்கிறாள். அவள் எதிர்த்துச் சண்டை போட்டிருந்தால் அவர் தாங்கியிருப்பார். இந்த இரக்கம்தான் தாங்கவில்லை.

"என்னோடத படி," என்றார்.

"வேணாம் அண்ணே."

"படிம்மா. நாலு பேருக்கு முன்னால சொன்னது நான்தானே."

அவள் திறந்து, யாரையும் பார்க்காமல் வாசித்தாள். "நீங்க போட்ட ஆட்டத்துல எல்லாம் நம்ம ஆளுங்க சராசரியா ஒம்பது ஓட்டம் எடுத்திருக்காங்க. பந்த தொடாம வெளிய போனது பத்துக்கு ஒருத்தன். மொத தடவ உங்கள பாக்குறவன் தடுமாறுறான். மூணாவது தடவ பாக்குறவன் பத்துக்கு நாலு அடிச்சிடுறான்."

நார்பர்ட் சீஸ் கூடையை வெர்ஜில் பக்கம் தள்ளினார்.

"ஒம்பது ஓட்டம் எடுத்துக் குடுத்தா எங்கம்மாகூட எட்டு ஜெயிப்பா," என்றார் வெர்ஜில். "டெவின எடுங்க. என் ஓட்டு அவனுக்கு."

கிளீட்டஸ் அவரை வெறித்துப் பார்த்தார். "மாப்ள, நீ என்ன பேசுறேன்னு தெரிஞ்சுதான் பேசுறியா?"

"தெரிஞ்சுதான் மச்சான். போன் போடு."

வீட்டுக்குப் போகும்போது ஏமாற்றம் இருந்தது. கூடவே ஒரு சின்னப் பெருமையும் இருந்தது. நியாயமாக நடந்துகொண்ட மனிதனுக்கு வருகிற அந்தச் சுகத்தை அவர் இரண்டு மூன்று நாள் சப்புக்கொட்டி அனுபவித்தார்.

மாநிலப் போட்டியில் டெவின் தொடங்கினான். கிரெட்சனின் கணக்கு ஒரு புள்ளி பிசகாமல் மண்மேட்டில் ஏறி நின்றதுபோல் இருந்தது அவன் ஆட்டம். எதிரணி மட்டைக்காரர்கள் காற்றை வெட்டிவிட்டுத் திரும்பினார்கள். ஐந்தாவது இன்னிங்ஸில் நார்பர்ட் எறிந்த பந்து ஆள் தலைக்கு மேலே பறந்துபோக, அதில் ஒரு ஓட்டம் போயிற்று. நம் ஆட்களோ ஒன்றும் எடுக்கவில்லை. மூன்று பேர் வெளியேறினால் ஒரு அணியின் முறை முடியும்; எட்டாவது இன்னிங்ஸில் இரண்டு பேரை வெளியேற்றிய பிறகு பையனின் கை தளர்ந்தது. எதிரணியின் இரண்டு ஓட்டக்காரர்கள் தளங்களில் ஏறிவிட்டார்கள்.

"மாப்ள, ஒரே ஒருத்தன். போய் முடிச்சிட்டு வா," என்றார் கிளீட்டஸ்.

வெர்ஜில் போனார். ஒரு பந்து போட்டார். அது நடுவிலேயே, கேக் துண்டு மாதிரி போயிற்று. மட்டைக்காரன் ஓங்கி அடித்தான். பார்வையாளர்கள் எழுந்துவிட்டார்கள். வேலியில் முதுகு இடிக்க நம் ஆள் ஒருவன் தாவி அதைப் பிடித்தான். அடுத்து நம் முறை; எதிரணி தடுமாறி இரண்டு ஓட்டங்களைத் தானமாகக் கொடுத்தது. ஒன்பதாவதை வெளியூர்க்காரன் ஒருவன் வந்து முடித்து வைத்தான். இரண்டுக்கு ஒன்று என்று செயின்ட் உல்ரிக் ஜெயித்தது.

தம் குழு முந்துகிற நேரத்தில் யார் பந்துவீச்சாளரோ, அவர் பெயரில்தான் வெற்றி எழுதப்படும். விதி அப்படி. ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: "வெற்றிபெற்ற பந்துவீச்சாளர், வெர்ஜில் தீலன்."

நார்பர்ட் கிரெட்சன் பக்கம் திரும்பிக் கூவினார். "ஒம்பதுக்கு ஒண்ணு! ஒரே பந்து! உங்க பொட்டி என்னம்மா சொல்லுது?"

டெவின் தோளில் ஐஸ் கட்டியோடு வந்து கைகொடுத்தான். "வாழ்த்துக்கள் சார்." கிண்டலே இல்லை. அவன் கணக்கு மூன்றுக்கு ஆறு என்றே நின்றது.

மறுநாள் லாரியோடு முதல் பண்ணைக்குப் போனபோது பண்ணைக்காரர் கைதட்டினார். "அய்யோ, நான் ஒரு பந்துதான் போட்டேன், எல்லாம் அந்தப் பையன்தான்," என்று வெர்ஜில் விளக்கினார். இரண்டாவது பண்ணையிலும் விளக்கினார், சற்றுச் சுருக்கமாக. மூன்றாவது பண்ணையில் "நன்றி" என்றார். சீஸ் ஆலைக்கு வந்து சேர்ந்தபோது, அந்தப் பந்தை உள்ளே போடுவதா வெளியே போடுவதா என்று தான் யோசித்ததை விவரித்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை பயிற்சிக்கு டெவினும் வந்திருந்தான். வேலியோரம் எல்லோரும் நிற்கையில் கிளீட்டஸ் கேட்டார்: "சனிக்கிழமை அடுத்த ஆட்டத்த யாரு தொடங்குறது?"

"இதென்ன கேள்வி, வெர்ஜில்தான்," என்றார் நார்பர்ட். "கை ராசியான கை."

கிரெட்சன் மடிக்கணினியைத் திறக்கவேயில்லை. போன தடவை அதைத் திறக்கச் சொன்னவர் வெர்ஜில். இப்போதும் அவர் சொன்னால் திறந்திருப்பாள். டெவின் தரையைப் பார்த்தபடி, "சார் போட்டா நான் பின்னால வரேன்," என்றான்.

"என்ன மாப்ள?"

"போடுறேன்," என்றார் வெர்ஜில்.

சனிக்கிழமை வெயில் சுள்ளென்று அடித்தது. முதல் இன்னிங்ஸ் சுத்தமாகப் போனது. டோரீன் எழுந்து நின்று கைதட்டினாள்; அவர் தொப்பியைத் தொட்டுக் காட்டினார். அந்தப் பத்து நிமிடம் அவர் வாழ்வில் இருந்த எந்தப் பத்து நிமிடத்துக்கும் குறைந்ததில்லை. இரண்டாவதில் பந்துகள் பலமாக அடிபட்டன, நல்லவேளையாக ஆட்கள் இருந்த இடத்துக்கே போயின. மூன்றாவதில் ஆட்கள் இல்லாத இடத்துக்குப் போயின. மூன்றாவது தடவை பார்க்கக்கூட எதிரணிக்காரர்களுக்குத் தேவைப்படவில்லை. ஐந்து ஓட்டங்கள். கிளீட்டஸ் நடந்து வந்து பந்தை வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு டெவின் போட்டான். கடைசிவரை ஒரு ஓட்டம்கூடக் கொடுக்கவில்லை. நம் ஆட்கள் ஒவ்வொன்றாகச் சேர்த்து நாலு ஓட்டம் வரை வந்தார்கள், அங்கேயே நின்றுவிட்டார்கள். ஐந்துக்கு நாலு. அந்த வருடம் அத்தோடு முடிந்தது.

"வெயில் நேரா கண்ணுல அடிச்சுது. யாருதான் போட முடியும்?" என்றார் நார்பர்ட். மற்றவர்களும் வெயிலையே குறை சொல்லிக்கொண்டு கார்களுக்கு நடந்தார்கள்.

கிரெட்சன் தன் காரில் பையை வைத்துக்கொண்டிருந்தாள். வெர்ஜில் அருகில் போய் நின்றார். மட்டைகளையும் தண்ணீர்க் குடுவையையும் எடுத்துக் கொடுத்தார். எல்லாம் ஏற்றி முடிந்தும் அவர் போகவில்லை.

"கேக்கணும்னா கேளு," என்றார்.

"வருத்தமா இருக்கா அண்ணே?"

"ஊருக்காக இருக்கு. எனக்காக இல்ல. மறுபடியும் குடுத்தா மறுபடியும் போடுவேன்."

அவள் காரின் பின்கதவை மூடினாள். "டெவின் தொடங்கியிருந்தா நாம ஜெயிச்சிருப்போம்."

"தெரியும்," என்றார் வெர்ஜில். "கிளீட்டஸ் என்னைக் கேட்டப்பவே தெரியும்."