தேயிலைச் சக்கையும் ஒரு பி.ஆர். ஆளும்

தேத்தண்ணிக் கடைக்கு எதற்கு மக்கள் தொடர்பு ஆள், எதற்கு பி.ஆர். என்று யாராவது சிரித்தால் எனக்கு இப்போதும் கோபம் வரும். பெரிய கம்பெனிக்கு மட்டும்தான் பெயர் கெடுமா? தேயிலைக் கொழுந்துக் காட்டைப் பார்க்க, மலைமேல் இருக்கும் தானா ராத்தா டவுனிலிருந்து வரும் சுற்றுலா வேன்கள் நிற்கும் வளைவில் இருக்கிறது எங்கள் கடை. நானும் என் மனைவியும்தான் முதலாளிகள். வேலையாட்களும் நாங்களேதான்.

வம்பு ஒரு தகரத் தட்டில் வந்தது. வடித்த தேயிலைச் சக்கையைக் கடைக்குப் பின்னால் பிளாஸ்டிக் கூரைக்கு அடியில் காயவைத்து ரோஜாச் செடிகளுக்குப் போடுவது என் மனைவியின் வழக்கம். எஸ்டேட் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்தவள். அங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான். கழிவறை தேடிப் பின்பக்கம் போன ஒரு சுற்றுலாப் பெண் கைபேசியை நீட்டி, இது தேயிலையா என்று மலாயில் கேட்டாள். ஆமாம், எங்கள் கடைத் தேயிலைதான், காயவைக்கிறேன் என்று இவளும் மலாயிலேயே சிரித்துக்கொண்டு சொன்னாள். ரோஜாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சக்கை எங்கே போகும் என்பது உலகத்துக்கே தெரியும் என்று அவளுக்கு நினைப்பு.

வடித்த தேயிலையைக் காயவைத்து மறுபடி விற்கிறார்கள் என்று அந்த வீடியோ நாடு முழுக்கச் சுற்றியது. எடுத்தவளையும் முழுதாகத் திட்ட மனம் வரவில்லை. லயத்தைப் பார்த்திராதவருக்கு அப்படித்தானே தோன்றும். வேன்கள் நிற்காமல் போயின. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ஆனால் வீடியோ முழுக்க இருந்தது என் மனைவியின் சிரித்த முகம். அதற்குக் கீழே வாய்க்கு வந்ததையெல்லாம் எழுதினார்கள். அவள் கடையின் முன்பக்கம் வருவதையே விட்டுவிட்டாள். அடுப்படி ஜன்னல் வழியாகத் தம்ளர்களை என்னிடம் நீட்டுவாள். நானோ ஒவ்வொருவருக்கும் சூடாகப் பதில் எழுதி, மிச்சமிருந்த பெயரையும் கெடுத்துக்கொண்டிருந்தேன்.

டவுனில் விடுதி நடத்தும் நண்பர் பார்த்துவிட்டு, இரண்டு பி.ஆர். ஆட்களைப் பேசி அனுப்பினார்.

முதலில் வந்தவர் கோலாலம்பூர்க்காரர். நல்ல சட்டை, அதைவிட நல்ல பேச்சு. "கவலப்படாதீங்க அங்கிள். ஆண்டி கேமரா முன்னால கையெடுத்துக் கும்பிட்டு ஒரு சாரி சொல்லிட்டா போதும் லா. நல்லபடியா ரிவியூ எழுத நம்மகிட்ட ஆள் இருக்கு." எனக்குப் பிடித்துவிட்டது. தலைவலி தீர்ந்தால் போதும் என்றிருந்தேன்.

ஜன்னலுக்கு உள்ளிருந்து என் மனைவி கேட்டாள். "தம்பி, அந்த வீடியோவப் பாத்தப்போ நீங்க நம்புனீங்களா?"

"சேச்சே, ஒரு நிமிஷங்கூட நம்பல ஆண்டி."

அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

மறுநாள் ஈப்போவிலிருந்து ஒரு பெண் வந்தார். மலைப்பாதையில் காரை ஓட்டி வந்ததில் தலைசுற்றி, வந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். இவரா நம் மானத்தைக் காப்பாற்றப் போகிறார் என்று நினைத்தேன். தெளிந்ததும் என்ன நடந்தது என்று கேட்டார். பின்பக்கம் போய்த் தட்டைப் பார்த்தார், ரோஜாவைப் பார்த்தார். "எல்லாரு வாயையும் என்னால மூட முடியாதுண்ணே. நீங்க பதில் எழுதுறத மட்டும் இன்னியோட நிறுத்திடணும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

மனைவி ஜன்னலிலிருந்து அதே கேள்வியைக் கேட்டாள்.

அவர் கொஞ்சம் தயங்கினார். "நம்புனேன்க்கா. எங்கம்மாவுக்கும் அனுப்பிவச்சேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் ஜன்னலில் இருந்த முகம் காணாமல் போய், கடையின் முன்பக்கம் வந்து நின்றது.

"இவங்களே இருக்கட்டுங்க" என்றாள் என் மனைவி. "நம்புனவங்களுக்குத்தானே, நம்புனவங்ககிட்ட எப்படிப் பேசணும்னு தெரியும்."

மன்னிப்பு வீடியோ எதுவும் எடுக்கவில்லை. "செய்யாத தப்புக்கு அக்கா எதுக்குக் கும்பிடணும்? பின்னால கெடக்குறதாலதான் திருட்டுச் சாமான் மாதிரி தெரியுது. தட்டையும் ரோஜாத் தொட்டியையும் முன்னால கொண்டாந்து வைங்க" என்றார் அந்தப் பெண். வேன் ஓட்டுநர்களை அழைத்துவந்து காட்டினார். அவர்கள் தங்கள் பயணிகளிடம் சொன்னார்கள். வேன்கள் ஒவ்வொன்றாகத்தான் திரும்பின. சில இன்னும் வரவில்லை.

தட்டை முன்னால் வைத்த பிறகு நின்ற முதல் வேனிலிருந்து ஒருவர் இறங்கினார். நேராகத் தட்டுக்கு வந்து, கைபேசியை உயர்த்தி, இது தேயிலையா என்று கேட்டார். எனக்கு வாய் துறுதுறுத்தது. அந்த ஈப்போப் பெண் சொன்னதை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒரு பிடி சக்கையை அள்ளி ரோஜாவின் வேரில் போட்டாள். பிறகு அந்தக் கைபேசியை நேராகப் பார்த்து, பழையபடியே சிரித்தாள்.