மஞ்சள் கோட்டு வந்தாச்சு

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், வெந்நீர்க் குழாய்கள் ஓடும் தாழ்ந்த கூரைக்கடியில், கல்யாணமான மறு வருஷத்திலிருந்து படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள் அவள். மேல்மாடிக்காரர்களுக்கு அவள் பெயர் 'துணி அக்கா'. அதுவும் விரிப்பு குறைந்தால்தான் ஞாபகம் வரும். வீட்டிலும் இதே லட்சணம்தான். அவள் வந்து சேர்வதற்குள் புருஷனும் மகனும் சாப்பிட்டுக் கை கழுவியிருப்பார்கள். கழுவ வேண்டிய தட்டுகளை மட்டும் அவளுக்காக விட்டு வைத்திருப்பார்கள். கொடுமைக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. பசித்தது, சாப்பிட்டார்கள், அவ்வளவுதான்.

லிஃப்ட் பக்கத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பெண்கள் சைக்கிள் குழு, எந்த வயதும் சேரலாம், வேகம் முக்கியமில்லை, கடைசி ஆள் வந்து சேரும்வரை யாரும் நகரமாட்டோம். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்தக் கடைசி வரியை மட்டும் அவள் நின்று நின்று படித்தாள். தனக்காக நாலு பேர் ஒரு முனையில் காத்துக்கொண்டு நிற்பார்கள் என்ற நினைப்பிலேயே அவளுக்கு உச்சி குளிர்ந்தது. இதற்கெல்லாமா ஒருத்திக்கு உச்சி குளிரும் என்று கேட்பவர்கள் தினமும் ஆறிய சோற்றைத் தனியாகத் தின்று பார்க்கட்டும்.

சின்ன வயதில் தங்கச்சியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஊரையே வலம் வந்தவள்தான். புகுந்த வீட்டில் சைக்கிள் இல்லை, கேட்கவும் தோன்றவில்லை. இப்போது பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி வந்து நிறுத்தியதும் புருஷன் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பாவம், சைக்கிளு" என்றான். மகன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளும் சேர்ந்து சிரித்து வைத்தாள்.

குழுவின் தலைவி பாங்கில் மேனேஜர், எல்லோருக்கும் 'கேப்டன்'. முதல் ஞாயிற்றுக்கிழமையே இவளைக் கட்டிப்பிடித்து, பளீரென்ற மஞ்சள் கோட்டு ஒன்றை மாட்டிவிட்டாள். குழுவில் யார் மெதுவோ அவர்களுக்குத்தான் அது. முன்னால் போகிறவர்கள் ஒவ்வொரு முனையிலும் நின்றுகொள்வார்கள். தூரத்தில் மஞ்சள் தெரிந்ததும் எல்லோரும் வந்தாகிவிட்டது என்று அர்த்தம். கேப்டன் விசில் ஊதுவாள், கிளம்புவார்கள். தலையை எண்ண வேண்டியதில்லை, பெயரைக் கூப்பிட வேண்டியதில்லை. கேப்டனே யோசித்துக் கண்டுபிடித்த ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டில் ஒரு சூட்சுமம் உண்டு. முன்னால் போனவர்கள் தண்ணீர் குடித்து, காலை நீட்டி, ஊர்க்கதை பேசி முடித்திருப்பார்கள். இவள் நாக்குத் தள்ள வந்து சேரும்போது, "மஞ்சள் கோட்டு வந்தாச்சு, கிளம்பலாம்!" என்று குரல் கேட்கும். தண்ணீர் பாட்டிலில் கை வைப்பதற்குள் விசில் ஊதிவிடும். ஓய்வே தேவைப்படாதவர்களுக்கெல்லாம் ஓய்வு. செத்துச் சுண்ணாம்பாகிறவளுக்கு மட்டும் கிடையாது. எனக்குக் கேட்கவே பற்றிக்கொண்டு வருகிறது. அவளோ வாயெல்லாம் பல்லாக மறுபடி மிதிப்பாள். எனக்காக நின்றார்கள், நின்றார்கள் என்று திங்கட்கிழமை முழுக்க இஸ்திரிப் பெட்டியிடம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அணைக்கட்டுக்குப் போன அன்றுதான் வந்தது வினை. விடியும்போதே தூறல். கேப்டனின் நாத்தனார் புதிதாகச் சேர்ந்திருந்தாள். சின்ன வயசு, நல்ல கால் பலம். செயின் கழன்று பின்தங்கியவள், அதை மாட்டிக்கொண்டு இவளோடு சேர்ந்து வந்தாள். மெல்லிய சட்டை நனைந்து உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

"அக்கா, அந்தக் கோட்டைக் கொஞ்சம் குடுங்களேன். அங்க போனதும் தந்துடறேன்."

கேட்டு முடிப்பதற்குள் இவள் கழற்றிவிட்டாள். பெற்ற மகளுக்குப் போட்டுவிடுகிற மாதிரி பட்டனும் போட்டுவிட்டாள். உடம்பு சூடேறிய நாத்தனார் ஒரே மிதியில் பறந்துவிட்டாள்.

அடுத்த முனையில் என்ன நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மஞ்சள் தெரிந்தது, விசில் ஊதியது, போய்விட்டார்கள். மூச்சிரைக்க இவள் வந்து சேர்ந்தபோது அங்கே மூடிக் கிடந்த ஒரு பஞ்சர் கடையும் மழையும்தான் இருந்தன. விளையாட்டுக்கு ஒளிந்திருக்கிறார்கள் என்று முதலில் கடைக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தாள். பாவி, சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

பிரிந்துபோனால் அதே இடத்தில் நிற்க வேண்டும், தேடி வருவோம் என்பது குழுவின் இன்னொரு சட்டம். நின்றாள். தூறல் மழையாகி, மழை விட்டு, வெயிலும் வந்தது. போன் பண்ணலாம்தான். பண்ணினால் அவர்கள் மறந்தது அவர்களுக்குத் தெரிந்துவிடும். அந்தச் சங்கடத்தைக்கூட அவர்களுக்குக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. கடைசியில் போன்தான் முதலில் சத்தம் போட்டது. குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு படம். அணைக்கட்டுச் சுவர்மேல் வரிசையாக எல்லோரும், நடுவில் மஞ்சள் கோட்டில் நாத்தனார். கீழே கேப்டன் எழுதியிருந்தாள்: 'எல்லாரும் வந்து சேர்ந்தாச்சு. வழக்கம்போல ஒருத்தரைக்கூட விட்டுட்டு வரல.'

அவள் ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். யார் முகத்திலும் யாரையும் தேடுகிற கவலை இல்லை. படத்துக்குக் கீழே ஆளாளுக்குக் கைதட்டல் பொம்மை போட்டுக்கொண்டிருந்தார்கள். தான் மட்டும் போடாமல் இருந்தால் கோபம் என்று நினைத்துக்கொள்வார்களோ என்று பயந்து, நனைந்த விரலைப் புடவையில் துடைத்துவிட்டு, அவளும் ஒன்று போட்டாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது, "அதுக்குள்ள வந்துட்டியா?" என்றான் புருஷன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த வாரம் முழுக்க யாராவது கூப்பிடுவார்கள் என்று இஸ்திரி மேஜை மேலேயே போனை வைத்திருந்தாள். எவளும் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளாகவே போய் நின்றாள். அன்று கோட்டைத் தான் வாங்கிப் போட்டுக்கொண்டதை நாத்தனார் சொன்ன பிறகுதான், இவள் விடுபட்டுப் போனது அங்கே எல்லோருக்கும் தெரிந்தது.  கேப்டன் இவள் தோளில் கை போட்டு, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"கோட்டை ஏம்மா கழட்டினே? அத நம்பித்தானே நாங்க போறோம்? ஏதாவது ஆகியிருந்தா எங்களுக்குத்தானே கெட்ட பேரு?"

ஆமாம் ஆமாம் என்றார்கள் மற்றவர்கள். நாத்தனாரும் தலையாட்டினாள்.

"தப்புதான். மன்னிச்சுக்கோங்க" என்றாள் இவள்.

பரவாயில்லை, நாங்கள் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்றாள் கேப்டன். எத்தனை பெருந்தன்மை, பாருங்கள். ஒவ்வொருத்தியாக வந்து கட்டிப்பிடித்து அவளை மன்னித்தார்கள்.

வெயில் அப்போதே சுள்ளென்று அடிக்க ஆரம்பித்திருந்தது. அவள் கோட்டைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, கழுத்துவரை எல்லாப் பட்டனையும் போட்டாள்.