ஆபீசர் வந்ததும் பிள்ளைகளை ஒளிச்சு வச்ச தலைவர்

இன்னைக்கு எங்க பள்ளிக்கூடக் கட்டடத்தைப் பார்க்க இன்ஜினியர் வந்தார்.

சுவரெல்லாம் விரிசல். ஒரே ரூம்ல மூணு வகுப்பு. அந்த நெரிசலை அவர் கண்ணால பார்த்தாலே புதுக் கட்டடம் வந்துரும்னு காத்திருந்தேன்.

ஜீப் சத்தம் கேட்டதும் பெற்றோர் சங்கத் தலைவர் பதறிட்டார். மனுஷன் பட்டாசு கம்பெனி ஃபோர்மேன். அங்க ரூமுக்கு இத்தனை பேர்தான்னு லைசென்ஸ். சோதனைக்கு ஆள் வந்தா, கூடுதலா இருக்கிறவங்களைப் பின்பக்கமா விரட்டி விடுறவர்.

"ஏலே, ரெண்டு வகுப்பு முள்ளுக்காட்டுக்குள்ள ஓடுங்க! சத்தம் வரப்படாது!"

நான் திரும்பிப் பார்க்குறதுக்குள்ள ரெண்டு வகுப்பு காணாமப் போச்சு. ஒரு பிள்ளைகூட இருமல. வீட்டுல பட்டாசுக்குத் திரி சுத்துறப்ப, சோதனைன்னா ஓடி ஒளிஞ்சு அம்புட்டுப் பயிற்சி.

இன்ஜினியர் உள்ள வந்தார். "இடம் தாராளமா இருக்கே டீச்சர்! விரிசலைப் பூசிக்கிட்டாப் போதும்."

"சார், மீதிப் பிள்ளைக வெளியில..."

"வராதவங்களையெல்லாம் கணக்குல எடுக்க முடியாதும்மா."

ஜீப் போயிருச்சு.

"ஏன் இப்படிப் பண்ணுனீக?"ன்னு தலைவர்கிட்ட கேட்டேன்.

"ஒரே ரூம்ல அம்புட்டுப் பேரைப் பார்த்தா சீல் வச்சிருவாக டீச்சர்! நல்லவேளை, நான் இருந்தேன்."

ஆமா, லைசென்ஸ் தப்பிச்சிருச்சு. புதுக் கட்டடம்தான் போச்சு.

உங்க ஊர்ல ஆபீசர் வந்தா எதை ஒளிச்சு வைக்கிறீக?