அப்பாவின் கைக்கு வைத்த விளக்கு

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நான் திண்டிவனத்தில் கரண்ட் மோட்டார்களுக்குக் காயில் கம்பி கட்டும் கடை வைத்திருந்தேன். வீடு ஒலக்கூர் பக்கம் ஒரு கிராமத்தில். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் சமயத்தில் அப்பா கொல்லைக்காட்டிலேயே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். உயிர் பிழைத்தார், ஆனால் வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறியது.

விழுப்புரத்தில் பிசியோதெரபி பார்க்கும் டாக்டரம்மா ஒருவர் இருந்தார். வாரத்துக்கு இரண்டு நாள் அப்பாவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவேன். முதலில் சிவப்பு விளக்கால் கைக்குச் சூடு காட்டுவார். பிறகு ஈரத் துணி வைத்து, மெஷினிலிருந்து லேசாகக் கரண்ட் கொடுப்பார். செத்துக் கிடந்த விரல்கள் துள்ளும். முதல் தடவை அதைப் பார்த்தபோது நானும் அப்பாவும் அழுதுவிட்டோம். இடது கையால் சாப்பிட மாட்டேன் என்று அவருக்கு ஒரே பிடிவாதம், அம்மாதான் ஊட்டிக்கொண்டிருந்தாள். வலது கை வந்து, அவரே சோறு பிசைந்து சாப்பிட்டால் போதும் என்பதுதான் எங்கள் ஆசை.

மழைக்காலம் வந்ததும் பஸ் பயணம் பெரும்பாடாகிவிட்டது. எனக்குத்தான் கரண்ட் தொழிலாயிற்றே என்ற திமிர் வேறு. "வீட்லயே பண்ணிக்கலாமாங்க?" என்று கேட்டேன்.

"கரண்ட் பக்கமே போவாதீங்க. வெளக்கும் வேணாம். அந்தக் கையில அவருக்குச் சூடே தெரியல. நாங்க பக்கத்துலயே நின்னுகினு பாத்துப் பாத்துதான் வைக்கிறோம்" என்றார் டாக்டரம்மா.

மண்டையை ஆட்டிவிட்டு வந்தேன். கரண்ட் கொடுக்கப் பயமாக இருந்தது. விளக்குதானே, அது என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். கோழிப்பண்ணையில் குஞ்சுகளுக்குச் சூடு காட்டும் பெரிய சிவப்பு பல்பு ஒன்று கடையில் கிடந்தது. அதைக் கொண்டுவந்து அப்பாவின் கைக்கு மேலே கட்டித் தொங்கவிட்டேன்.

தினமும் கேட்பேன், "நைனா, சூடு தெரியுதா?"

"இல்லடா."

என் முகம் தொங்கிவிடும். மறுநாள் பல்பைக் கொஞ்சம் கீழே இறக்குவேன். பத்துப் பதினைந்து நாள் இப்படியே போயிற்று.

ஒருநாள் காலை அதே கேள்வியைக் கேட்டபோது, அப்பா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

"தெரியுதுடா" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பல்பை அப்படியே எரியவிட்டு, கேப்பைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த அம்மாவைக் கூப்பிட ஓடினேன். எதிரில் வந்தவர்களிடமெல்லாம் நின்று சொன்னேன். திருவக்கரை அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று அம்மா மண் கையோடு ஓடி வந்தாள். வாசலில் கால் வைத்ததுமே தோல் கருகும் நாற்றம் அடித்தது.

புறங்கை முழுக்கக் கொப்புளம். அப்பா சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு அமைதியாகப் படுத்திருந்தார். அவருக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை.

"ஏன் நைனா தெரியுதுன்னு சொன்னே?" என்று கத்தினேன்.

"நீ தெனம் கேட்டுகினே இருந்தியேடா. இல்லன்னா உன் மூஞ்சி செத்துப் போவுது. பாக்க முடியல" என்றார் குழறிக் குழறி.

புண் ஆற மூன்று மாதமாயிற்று. டாக்டரம்மா திட்டவில்லை. புண்ணின் மேல் விளக்கும் வைக்க முடியாது, கரண்டும் கொடுக்க முடியாது என்று மட்டும் சொன்னார். அது ஆறுவதற்குள் விரல்கள் உள்ளே மடங்கி இறுகிவிட்டன. பிறகு அவை பிரியவே இல்லை. சாகும்வரை அம்மா ஊட்டியதைத்தான் அப்பா சாப்பிட்டார். என்னை ஒருநாள்கூடக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இன்றும் நோயாளி யாரையாவது பார்க்கப் போனால், "இப்போ பரவாயில்லையா?" என்று நான் கேட்பதே இல்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டு, எனக்காக "ஆமாம்" என்று சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.