தவிட்டை ஒளித்த ஒன்பது நாள்

செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. அது தெரியாமல் என் வீட்டுக்காரர் பத்தடி தள்ளிப் போய்விட்டார். கூப்பிட்டுச் சொன்னேன். வெறும் காலைக் குனிந்து பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அதுதான் முதல் அறிகுறி.

ஜப்பான்காரன் காலம். மலாயாவில் கோலா சாவா பக்கத்து ரப்பர் தோட்டம். பால்வெட்டு நின்றுபோய், எல்லாரும் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தோம். சண்டைக்கு முன் சாப்பிட்ட ரங்கூன் புழுங்கலரிசி கண்ணில் படவில்லை. நான் கம்பத்து (மலாய்க் கிராமத்து) மலாய்க்கார அம்மா ஒருவரின் வயலில் களையெடுத்து, கூலியாகக் கொஞ்சம் நெல் வாங்கி வருவேன்.

அவருக்குச் சோறு வெள்ளையாக இருக்க வேண்டும். ஒரே ஒரு தடவைதான் சொன்னார், தவிடு ஒட்டிய சோற்றைப் பார்த்து, "என்ன புள்ள, மாட்டுத் தீனியா?" என்று. எனக்கு அது போதும். அதன் பிறகு நெல்லை மூன்று தரம் குத்தினேன், அரிசியை நான்கு தண்ணீரில் கழுவினேன், கஞ்சியைச் சொட்டில்லாமல் வடித்தேன்.

அந்தச் சோறு ஒருவருக்குத்தான் காணும். நான் அப்போதே தின்றாயிற்று என்பேன். அவர் வெளியே போனதும் தவிட்டை வறுத்து, கம்பத்து வெல்லம் ஒரு கிள்ளு சேர்த்து உருண்டை பிடித்துத் தின்பேன். வடித்த கஞ்சியையும் குடிப்பேன். மதியத்துக்கு இருவருக்கும் மரவள்ளி.

ஒரு மாதத்தில் அவர் கால்கள் வீங்கின. கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. ஏறி இறங்கினால் மூச்சு வாங்கியது.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் (மருந்து கொடுப்பவர்) யாழ்ப்பாணத்துக்காரர். அலமாரியில் மருந்தென்று ஒன்றும் மிச்சமில்லை. பெரிபெரி (சத்துக் குறைவால் நரம்பும் இதயமும் தளரும் நோய்) மாதிரி இருக்கிறது, ஆனால் ஒரே பானையில் சாப்பிடுகிற மனைவி திடமாக நிற்கிறாளே என்று குழம்பினார்.

"நீரும் இவர் சாப்பிடுறதைத்தானே சாப்பிடுறீர்?"

"ஆமாங்கய்யா. ஒரே சோறுதான்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். நான் மறைத்தது ஒரு பிடித் தவிடு. பெண்டாட்டி தவிடு தின்கிறாள் என்றால் அவருக்கு மானக்கேடு. புருஷனுக்குத் தெரியாமல் தின்கிறாள் என்றால் எனக்கு. அதில் மருந்து இருக்குமென்று யார் கண்டது? டிரசர் இதயக் கோளாறு என்று முடிவு செய்து, உப்பைக் குறைத்துப் படுக்கச் சொல்லி அனுப்பினார்.

ஒன்பது நாள் படுத்தார். நானும் விடாமல் வெள்ளைச் சோறு ஊட்டினேன். ஒன்பதாம் நாள் அவரால் படுக்கவும் முடியவில்லை. சுவரில் சாய்ந்து வாயால் மூச்சு விட்டார். உதடு நீலம் பாரித்திருந்தது. ஆள் போய்விடுவார் என்று தெரிந்தது. மானம் போனால் போகட்டும் என்று டிரசரிடம் ஓடி, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. குனிந்து என் கணுக்காலை அழுத்திப் பார்த்தார். குழி விழவில்லை.

"பிள்ளை, நீர் கழிச்சு எடுத்ததிலதான் சத்து. அதை இண்டைக்கே அவருக்குக் குடும்."

வீட்டுக்கு ஓடி வந்து, என் வீட்டுக்காரர் எதிரிலேயே உட்கார்ந்து தவிட்டை வறுத்தேன். கஞ்சியில் கரைத்து வாயில் ஊற்றினேன். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நல்லாத்தான இருக்கு. இதயா ஒளிச்சி வச்சித் தின்ன?"

விளையாட்டாகத்தான் கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் கஞ்சியைக் கலக்கினேன். ஏனென்றால் அது நன்றாகத்தான் இருந்தது. அவருக்காக வயிற்றைக் கட்டுகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டு, விரலில் ஒட்டிய வெல்லத்தை நக்கிய நாட்கள் உண்டு. இதை அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மூச்சு சீரானது. அடுத்த வாரத்துக்குள் வீக்கம் வடிந்தது. பாதத்தின் உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. நரம்பு மெதுவாகத்தான் தேறும், முன்பே ஆரம்பித்திருந்தால் நல்லது என்றார் டிரசர். எத்தனை நாள் முன்பே என்று நான் கேட்கவில்லை.

நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. நீங்களும் சாப்பிடுங்கள், வேளை தவறாமல். ஆனால் அவர் கண்ணெதிரே சாப்பிடுங்கள். நீங்கள் தெம்பாக இருப்பது குற்றமில்லை. அது எதனால் என்பதை மறைக்காதீர்கள். அதன் பிறகு நாங்கள் இருவரும் ஒரே தட்டில், ஒரே பழுப்புச் சோறுதான் தின்றோம்.

தினமும் சாயங்காலம் அவர் காலைக் கழுவி, முள்ளோ கல்லோ குத்தியிருக்கிறதா என்று பார்ப்பேன். அவருக்குத்தான் தெரியாதே. பிறகு ஒவ்வொரு விரலாக அழுத்தி, "தெரியுதா?" என்பேன். முதலில் இல்லை என்றார். சில மாதம் கழித்துத் தெரிகிறது என்றார். நான் மறைத்த அந்த நாட்களை எண்ணுவதை விட்டேன்.

ஒருநாள் அவர் தோட்டத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் காலிலிருந்து கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டு, "தெரியுதா?" என்றேன்.

"நல்லாத் தெரியுது புள்ள."

நான் மறுபடி அவர் காலை எடுத்து மடியில் வைத்து அழுத்தினேன். அவர் இருந்தவரை, தினமும் கேட்டேன். தினமும் தெரிகிறது என்றார்.