கோதுமைக்குக் குறுக்கே போகிறவர்

ஆட்டுப்புலத்துக் கதவைச் சாத்திய பிறகும் மார்ஜரி டக்கெட் இரண்டு முறை அதைக் குலுக்கிப் பார்க்கிறார். முதற்குலுக்கல் கொண்டி விழுந்ததா என்று அறிய. இரண்டாவது, முதற்குலுக்கலில் அது கழன்றுவிடவில்லையே என்று அறிய. உடன் வந்த ஏழு பேரும் ஈரப்புல்லில் நின்று காத்திருக்கிறார்கள். மேயும் ஆடுகள் தலை நிமிர்கின்றன. "ஒண்ணுமில்லே, நீங்க சாப்பிடுங்க," என்று ஆடுகளிடம் சொல்லிவிட்டுத்தான் அவர் தடியை ஊன்றி மேலே நடப்பார்.

வியாழன்தோறும் காலை ஒன்பதரை. மெல்ஸ்காட் ஊரின் கடைசித் தெருவில், டயர் கடைக்கும் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கும் இடையே ஓராள் நுழையத் தக்க சந்து ஒன்று உண்டு. அதில் புகுந்தால் ஊர் ஓய்ந்து வயல் விரியும். ஆட்டுப்புலம், ஓடைப்பாலம், அவரை விளைநிலம், கிளைவ் ராகின் பெருங்கோதுமை வயல், கால்வாய்க்கரை. சுற்றி வந்தால் மறுபடியும் அதே டயர் கடை. ஐந்து மைல். கோயிலை வலம்வருவது போல எப்போதும் வலமாகவே செல்வார். ஒருநாளாவது இடமாகப் போகலாமே என்று யாரேனும் கேட்டால், "தாராளமாப் போங்க. நான் இந்தப் பக்கமா வர்றேன். பாதி வழியிலே பாத்துக்கலாம்," என்பார்.

வயது எழுபத்தொன்று. குட்டை உருவம்; அகன்ற தோள். ஊர்த் தொடக்கப்பள்ளிச் சமையற்கூடத்தில் முப்பதாண்டு கரண்டி பிடித்த கை. நீல மழைக்கோட்டின் பைகள் புடைத்திருக்கும்: முட்செடி நறுக்கும் கத்தரி, சணல் கயிறு, திருப்புளி, பெப்பர்மின்ட் பொட்டலம். வழிகாட்டும் மஞ்சள் அம்பு எந்தக் கம்பத்தில் ஆடினாலும் அதன் திருகு அன்றே இறுகிவிடும். வேலிகளின் நடுவே ஏறித் தாண்டும் கடவுமரங்கள் வழியில் ஒன்பது. அங்கே கைகொடுக்க எவரேனும் முன்வந்தால், "தள்ளி நில்லு கண்ணு. நான் விழுந்தா உன்னையும் சேத்துத்தான் இழுப்பேன்," என்று தாமே ஏறுவார்.

கோதுமை வயலின் செய்தி வேறு. நிலம் ராகுடையது, அதன் குறுக்கே மூலைக்கு மூலை செல்லும் வழி ஊராருடையது. உழலாம், விதைக்கலாம், ஆயினும் கடவுமரத்திலிருந்து கடவுமரம் வரை இரண்டு முழ அகலம் விட்டுவைப்பது முறை. பனிக்காலம் முழுவதும் மார்ஜரி நடந்து நடந்து போட்ட கோட்டின் மேலேயே ராக் தம் டிராக்டரை ஓட்டி வழி திறந்துவிடுவார். இருபது ஆண்டுகளாக இருவரும் இதைப்பற்றி ஒரு சொல்லும் பேசிக்கொண்டதில்லை. பேசத் தேவை எழவில்லை.

இவ்வாண்டு எழுந்தது. பனிக்காலத்தின் நடுவில் மார்ஜரிக்கு முழங்கால் மூட்டு மாற்றினார்கள். பன்னிரண்டு வியாழக்கிழமைகள் அவர் ஜன்னலோரம் அமர்ந்திருக்க, கண்ணாடிக்கடை நடத்தி ஓய்வுபெற்ற பெர்னார்ட் பிம் மற்றவர்களை அழைத்துச் சென்றார். பெர்னார்ட், தம் காலை மிதித்தவரிடம் தாமே மன்னிப்புக் கேட்கும் இயல்பினர்.

பதின்மூன்றாம் வியாழன் மார்ஜரி வந்து பார்த்தபோது கோதுமை முழங்காலளவு நின்றது. நடுவே கோடு இல்லை. வேலியை ஒட்டிய ஓரம் மட்டும் களம்போல் மிதிபட்டுக் கிடந்தது. கடவுமரத்தின் கம்பத்தில், நான்கு குத்தூசிகளால், மழை படாத உறைக்குள் ஓர் அறிவிப்பு: பாதையை வயலின் ஓரத்துக்கு மாற்ற நிலக்காரர் விண்ணப்பித்துள்ளார், மறுப்புடையோர் இருபத்தெட்டு நாளில் எழுதலாம்.

"பயிர் மொளச்சிருந்துச்சு மார்ஜரி," என்றார் பெர்னார்ட். "மிதிக்க மனசு வரலே. பாவம், அவர் வெதச்சது."

"வழி எங்கேன்னு அவரையே கேட்டிருக்கலாமே?"

"கேட்டா, குத்தம் சொல்றோம்னு நெனச்சுட்டார்னா?"

அன்று அவர்களும் ஓரமாகவே போனார்கள். முள்வேலியைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. வீடு திரும்பிய மார்ஜரி மறுப்புக் கடிதம் எழுதினார், அஞ்சல்தலை ஒட்டினார், கோட்டுப் பையில் வைத்தார். அஞ்சற்பெட்டியைக் கடக்கும்போதெல்லாம் கை பைக்குள் போகும், வெறுங்கையாகத் திரும்பும். ராக் ஏழு வயதில் அவர் கையால் உண்டவர். கடிதத்தைப் போட்டால் வழக்கு வரும். போடாவிட்டால் வழி போகும். இவ்வாறு மூன்று வியாழன் கழிந்தன. நான்கு நாளே மிச்சம்.

நான்காம் வியாழன் அவர்கள் கடவுமரத்தருகே தேநீர் அருந்தும்போது ராக் தம் நாலுசக்கர வண்டியில் வந்து நின்றார். ஐம்பதைக் கடந்த ஆள். ஆயினும் மார்ஜரியைக் கண்டால் தொப்பியைக் கழற்றுவார்.

"மிஸஸ் டக்கெட். காலு எப்படி இருக்கு?"

"உன் டிராக்டரைவிடப் புதுசு, கிளைவ். தேத்தண்ணி குடிக்கிறியா? ரொட்டிக்குள்ளே முட்டைதான் வெச்சிருக்கேன். பட்டாணி இல்லே, பயப்படாதே."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. பள்ளிநாளில் ராக் தட்டின் அடியில் பட்டாணியை ஒளித்துவைத்த கதையை எல்லோரும் கேட்டிருந்தார்கள். ராகும் சிரித்துக் கோப்பையை வாங்கிக்கொண்டார்.

"நோட்டீஸ் பாத்தீங்களா?"

"பாத்தேன். நல்லா அச்சடிச்சிருக்காங்க."

"உங்க எல்லாருக்காகவும்தான் போட்டேன்," என்றார் ராக். "வாரா வாரம் பாக்கறேன், ஓரமாத்தான் போறீங்க. அதுதான் உங்களுக்குத் தோது போலன்னு நெனச்சேன். இல்லேன்னா எனக்கு எதுக்கு இந்த எழுத்து வேலை?"

பெர்னார்ட் தொண்டையைச் செருமினார். "நாங்க உங்க பயிருக்காகத்தான் ஓரமாப் போனோம்."

"என் பயிருக்காகவா?"

"மன்னிக்கணும்."

ராக் வயலைப் பார்த்தார். மிதிபட்ட ஓரத்தைப் பார்த்தார். "யாராவது ஒருத்தர் வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாமே."

"நீ கேட்டியா?" என்றார் மார்ஜரி.

"கேட்டா, விரட்டுறேன்னு நெனப்பீங்களே."

மார்ஜரி கோப்பையைக் கவிழ்த்து உதறி, குடுவையை மூடினார். "வண்டியை இங்கேயே விடு. என்கூட நடந்து வா."

இருவரும் கோதுமைக்குள் இறங்கினார்கள். பழைய கோடு எங்கே என்று மார்ஜரி தேடவில்லை. புது மூட்டுக்கும் அது தெரிந்திருந்தது. வயலின் நடுவே நிலம் ஆமையின் ஓடு போலச் சற்றே உயரும். அங்கே நின்று அவர் தடியை நீட்டினார். ஊர்த் தேவாலயக் கோபுரம், கல்லறைச் சுவர், வெள்ளைப் புள்ளிகளாக ஆடுகள், ஓடைப்பாலம், கால்வாயின் ஈயக்கோடு, டயர் கடையின் சிவப்புக் கூரை. தடி ஒரு சுற்றுச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்தது.

"இங்கே நின்னாத்தான் போற வழி முழுசும் தெரியும்," என்றார். "ஓரமாப் போனா உன் வேலிதான் தெரியும். நல்ல வேலிதான், குத்தம் சொல்லலே."

"டிராக்டர்லே உக்காந்து இதை ஆயிரம் தடவை பாத்திருக்கேன்."

"பாத்திருப்பே. மேலே உக்காந்து, சத்தத்திலே."

ராக் தடி சென்ற வழியே கண்ணை ஒருமுறை சுற்றவிட்டார். வானம்பாடி ஒன்று கண்ணுக்கெட்டா உயரத்தில் பாடிக்கொண்டிருந்தது. பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு, "பாப்போம்," என்றார். அவ்வூரில் அச்சொல்லுக்கு ஆம் என்றும் பொருள் கொள்ளலாம், இல்லை என்றும் கொள்ளலாம். மார்ஜரி மேலே கேட்கவில்லை. கடிதத்தையும் போடவில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் என நான்கு நாளும் அஞ்சற்பெட்டிக்கு எதிர்ச்சாரியிலேயே நடந்தார்.

அடுத்த வியாழன் கம்பத்தில் நான்கு குத்தூசிகள் மட்டும் இருந்தன. கடவுமரத்திலிருந்து மேடு நோக்கி, நூல் பிடித்தாற்போல் நேராக, இரண்டு முழ அகலத்தில் வழி ஒன்று கோதுமையைப் பிளந்து ஓடியது. தொலைவில் டிராக்டர் ஊர்ந்துகொண்டிருந்தது. அதிலிருந்தவர் ஸ்டீயரிங் வளையத்திலிருந்து ஒற்றை விரலை உயர்த்தினார். அந்நாட்டு உழவர் வணக்கம் அவ்வளவே. மார்ஜரியும் ஒரு விரல் உயர்த்தினார்.

"இப்ப நடக்கலாமா?" என்று பெர்னார்ட் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"செருப்பைக் கழட்ட வேண்டாம் பெர்னார்ட், வாங்க."

ஏழு பேரும் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். முன்னே சென்ற மார்ஜரி, புடைத்த கோட்டின் இரு நுனிகளையும் சேர்த்துப் பிடித்து, முழங்கைகளை ஒடுக்கி, இருபுறத்துப் பயிரும் மேலே படாமல் நடந்தார். பாதி வழியில், காற்றில் சாய்ந்த கோதுமைத் தாள் ஒன்று பாதையின் மேல் படுத்துக் கிடந்தது. எல்லோரையும் நிறுத்தினார். புது முழங்காலை மெல்ல மடக்கிக் குனிந்து, அதை இரு விரலால் நிமிர்த்தி, ராகின் பயிரோடு சாய்த்து நிறுத்தினார். விரலை எடுத்த பின்னும், அது நிற்கிறதா என்று இரண்டாம் முறை தொட்டுப் பார்த்தார்.