முதுகில் ஏழு மாடி

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. பத்து வருஷமாக என் வாயில் வேறு பேச்சே வருவதில்லை என்று என் மகள் குறைப்படுகிறாள். வரத்தான் வராது. ஐந்தாவது மாடியில் அவள் ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும். மலைச்சரிவில் கட்டிய எங்கள் சோங்சிங் நகரத்தில் தெருவே படிக்கட்டு. அதில் ஏறி வீட்டு வாசலுக்கு வந்தால் உள்ளேயும் படிக்கட்டு. காய்கறிப் பையோடு மூன்றாவது மாடித் திருப்பத்தில் நான் மூச்சு வாங்க நிற்கும்போதெல்லாம் பின்னாலிருந்து ஒரு குரல் வரும்.

"ஓரமா நில்லு லுவோ. ஆள் வருதில்ல?"

ஏழாவது மாடி யூச்சென் அக்கா. வயது எழுபத்தொன்று. முதுகுக்கூடையில் அரிசி மூட்டை இருக்கும். கைப்பிடியைத் தொடாமல் என்னைத் தாண்டிப் போவாள். அவளைவிட நான் மூன்று வயது சின்னவள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இவள் பிறவிப் பலசாலி என்று நினைத்துவிடாதீர்கள். பிளாஸ்க் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். உட்கார்ந்த இடத்திலேயே கண்ணாடிக் குப்பிகளை விளக்கில் காட்டி விரிசல் பார்க்கும் வேலை. ஓய்வு பெற்ற பிறகு மாஜாங் ஆட்ட மேசையே கதி. சூரியகாந்தி விதை கொறிப்பதைத் தவிர வேறு எந்த உடற்பயிற்சியும் செய்து நான் பார்த்ததில்லை. அப்போதெல்லாம் படியில் எனக்குப் பின்னால்தான் வருவாள்.

அவள் புருஷன் தேஃபூ அண்ணன் படகுத்துறையில் டிக்கெட் கிழித்தவர். ஆற்றோரத் தேநீர்க் கடையில் சீட்டாட உட்கார்ந்தால் அவர் குரல் அக்கரைக்குக் கேட்கும். ஒரு பனிக்கால விடியலில் பக்கவாதம் வந்து அவருக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. உயிர் பிழைத்தது, பேச்சு போய்விட்டது. ஒரே ஒரு வார்த்தைதான் தெளிவாக வரும்.

"எப்போ?"

ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். அங்கிருந்து பார்த்தால் ஆறு தெரியும், தேநீர்க் கடையின் நீலக் கூரை தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே கேட்பார். இவள் "நாளைக்கு" என்பாள். மறுநாளும் கேட்பார். இவளும் அதையேதான் சொல்வாள். இப்படியே மாதங்கள் போயின.

சுமை தூக்கும் ஆட்கள் இருவரைப் பிடித்து ஒருமுறை இறக்கிப் பார்த்தார்கள். மூங்கில் கழியோடு தெருவுக்குத் தெரு நின்ற ஆட்களுக்கும் இப்போது எங்கள் வயதுதான். ஆறாவது மாடியிலேயே ஒருவருக்குக் கால் வழுக்கி, தேஃபூ அண்ணன் தலை சுவரில் மோதியது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மகன் ஷென்சென்னிலிருந்து போனில், "அப்பாவ ஒரு இல்லத்துல சேத்துடலாமே" என்றான். "உன்னத்தான் சேக்கணும்" என்று போனை வைத்துவிட்டாள். பிறகு என்னிடம் வந்து சொன்னாள்.

"நானே தூக்கப் போறேன்."

"எதை?"

"அவரத்தான்."

நான் சிரித்தேன். யார்தான் சிரிக்கமாட்டார்கள்?

எங்கள் முற்றத்தில் உடற்பயிற்சிக் கம்பிகள் உண்டு. அவை மௌவின் ராஜ்யம். மௌ தரைத்தளத்துக்காரர், வயது அறுபத்துமூன்று. காலையில் கம்பியில் தொங்குவார், மார்பில் பட் பட்டென்று அடித்துக்கொள்வார், போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்திப் பிரசங்கம் செய்வார். "படிக்கட்டு மாதிரி மருந்து உண்டா? லிஃப்ட்ல போறவனுக்குக் கால் கம்பாயிடும். ஏறுங்க, நல்லா ஏறுங்க!" சொல்லிவிட்டு, ஒரு படிகூட ஏறாமல் தன் வீட்டுக்குள் போய்விடுவார்.

யூச்சென் அக்கா முதல் நாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பஸ்கி போட்டாள். கீழே போனவள் எழுந்திருக்கவில்லை. நானும் மௌவின் மனைவியும் கையைப் பிடித்து இழுத்தோம். "இது வேண்டாத வேலை அக்கா" என்றேன். மறுநாளும் அங்கே நின்றாள். பிறகு கூடையில் பாதி மூட்டை அரிசியோடு படியேறத் தொடங்கினாள். இடுப்பு பிடித்துக்கொண்டு படுக்கையில் கிடந்தாள். எழுந்ததும் மறுபடி முதலிலிருந்து. அது போதாதென்று முட்டி வீங்கியது, மறுபடி முதலிலிருந்து. கிழட்டு உடம்பு இருக்கிறதே, கொடுப்பதைத் தின்றுவிட்டு ஒன்றும் தராது. பாதிப் பல் போன வாயில் மாட்டிறைச்சியை மென்று மென்று, "மாடா உழைக்கிறேன் லுவோ, ஒரு கிலோகூட ஏறமாட்டேங்குது பாரு" என்று கூடையைச் சுவரில் எறிவாள். கொட்டிய அரிசியை இருவரும் உட்கார்ந்து பொறுக்குவோம்.

கட்டிலிலிருந்து ஜன்னல் வரை முதன்முதலில் அவரை முதுகில் சுமந்த அன்று நான் அங்கே இருந்தேன். பேரனைச் சுமந்த துணிப்பட்டையால் அவரைக் கட்டிக்கொண்டு எழுந்தாள். இரண்டடி வைத்ததும் இருவரும் கட்டில்மேலேயே சரிந்தார்கள். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் அழுதாள். அவர் இடது கையால் அவள் தலையைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

இப்படி ஒன்றரை வருஷம் போயிற்று. அவள் கால் தேறியது. என்னைத் தாண்டிப் போக ஆரம்பித்தாள். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் லிஃப்ட் பேச்சு சூடு பிடித்தது.

பழைய கட்டடங்களுக்கு வெளிப்பக்கமாக லிஃப்ட் கட்டித் தருகிறார்கள். பக்கத்துத் தெருவில் வந்துவிட்டது. எங்கள் கட்டடத்தில் மேலே உள்ள எல்லோரும் சம்மதம். மௌ மட்டும் முடியாது என்றார். தரைத்தளத்தார் சண்டை பிடித்தால் குடியிருப்புக் கமிட்டி கை வைக்காது. ஏன் முடியாது என்று கேட்டால் மனுஷன் காரணம் சொல்லமாட்டார், உடற்பயிற்சி வகுப்பு எடுப்பார்.

"எழுபத்தொரு வயசு யூச்சென் அக்கா அரிசி மூட்டையோட ஏறுறாங்க. உங்களுக்கெல்லாம் சோம்பேறித்தனம்!"

அவள் கால்களைக் காட்டியே எங்கள் வாயை அடைத்தார். எவனுக்கு வயிறு எரியாது? கமிட்டிக் கூட்டத்துக்கு முந்தின நாள் மேல்மாடிக்காரர்கள் நான்கைந்து பேர் அவளிடம் போனோம். பேசும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

"அக்கா, நாளைக்கு ஒரே ஒரு நாள் கொஞ்சம் நொண்டுங்களேன்."

"எதுக்கு?"

"மௌ உங்களத்தான் காட்டப் போறாரு. நீங்க கைத்தடியோட வந்தா அவரு வாய மூடிக்குவாரு."

அவள் முகம் சிவந்துவிட்டது. "ஒவ்வொரு படியா அழுது அழுது வளத்த கால் இது. நொண்டி நடிக்கவா வளத்தேன்?"

"லிஃப்ட் வந்தா அண்ணனுக்குத்தானக்கா நல்லது."

"அது எனக்குத் தெரியாது, நீ வந்து சொல்லணும்! போடி, போய் உன் முட்டிக்குத் தைலம் தடவு."

வீம்பு பிடித்தவள் என்று படி நெடுக அவளைத் திட்டிக்கொண்டே இறங்கினேன்.

மறுநாள் முற்றத்தில் கூட்டம். கமிட்டியிலிருந்து பெங் என்ற சின்னப் பெண் வந்திருந்தாள். மௌ எழுந்து, நாங்கள் பயந்தபடியே ஆரம்பித்தார். "இதோ உக்காந்திருக்காங்களே யூச்சென் அக்கா, இவங்களையே கேளுங்க! இவங்களுக்கு வேண்டாத லிஃப்ட் வேற யாருக்கு வேணும்?"

அவள் எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். கோபித்துக்கொண்டு போகிறாள், எல்லாம் கெட்டது என்று நினைத்தேன். மௌ பேசிக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்துப் படிக்கட்டில் ஒரு சத்தம். ஒரு காலடி, அப்புறம் மூச்சு, அப்புறம் அடுத்த காலடி.

அவள் முதலில் தெரிந்தாள். அவள் தோளுக்குமேல் தேஃபூ அண்ணன் முகம் தெரிந்தது. பழைய துணிப்பட்டை அவள் மார்பில் இறுக்கிக் கட்டியிருந்தது. அவர் கால்கள் படியை உரசியும் உரசாமலும் வந்தன. அவள் இரண்டு கைகளும் கைப்பிடியைக் கவ்வியிருந்தன. முகம் வெளிறி, உதடு கடித்து ரத்தம் வந்திருந்தது. கடைசிப் படி இறங்கி நின்றதும் எல்லோரும் கை தட்டினார்கள். பெங் போனை எடுத்துப் படம் பிடித்தாள்.

மௌ துள்ளிக் குதித்தார். "பாத்தீங்களா! நான் சொல்லல? இதுக்கெல்லாம் எதுக்குங்க லிஃப்ட்டு?"

செருப்பைக் கழற்றி எறியலாம் போலிருந்தது எனக்கு. இவள் பட்ட பாடெல்லாம் இவன் கட்சிக்குத்தான் போய்ச் சேர்ந்தது என்று வெறுத்துப்போனேன்.

தேஃபூ அண்ணன் யாரையும் பார்க்கவில்லை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாதி வாயால் சிரித்துக்கொண்டிருந்தார்.

யூச்சென் அக்கா எங்கள் பக்கம் வரவில்லை. நேராக மௌ வீட்டு வாசலுக்குப் போய், அவருடைய மூங்கில் நாற்காலியில் புருஷனை இறக்கி உட்காரவைத்தாள். மூச்சு சீராகும்வரை சுவரில் சாய்ந்து நின்றாள்.

"மௌ தம்பி, இவருக்கு ஒரு கிண்ணம் நூடுல்ஸ் குடுக்கச் சொல்லு. மிளகாய் எண்ணெய் கம்மியா."

"அதுக்கென்னக்கா, தாராளமா."

"ராத்திரிக்கு ஒரு கட்டில் போட்டுடு."

"என்னக்கா சொல்றீங்க?"

"இறங்கத்தான் பலம் வந்திருக்கு. ஏற வரல. இன்னும் ஒன்றரை வருஷம் பழகணும். அதுவரைக்கும் இவரு உன் வீட்லதான். லிஃப்ட் வேண்டாம்னு சொன்ன ஆளு நீதான?"

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மௌவுக்குக் காது சிவந்தது. இத்தனை காலம் கம்பியில் தொங்கிய மனுஷன், பின்வாங்க முடியுமா? "நான் தூக்கிட்டுப் போறேன். எனக்கென்ன வயசா ஆயிடுச்சு?" என்று முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பட்டையைக் கட்டினோம்.

முதல் மாடிக்கு ராஜநடை. இரண்டாவது மாடியில் பேச்சு நின்றது. மூன்றாவது மாடித் திருப்பத்தில், நான் வழக்கமாக நிற்கும் அதே இடத்தில், பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். வாய் பிளந்து, கால் வெடவெடவென்று நடுங்கியது. முதுகில் கட்டியபடியே தேஃபூ அண்ணன் அவர் காதருகில் கேட்டார்.

"எப்போ?"

"என்னக்கா கேக்கறாரு?" பின்னால் ஏறி வந்த யூச்சென் அக்காவிடம் மௌவால் அவ்வளவுதான் பேச முடிந்தது.

"ரெண்டு வருஷத்துக்கு மேல என்னைக் கேட்டாரு, எப்போ கீழ போறோம்னு. நான் பொய் சொல்லியே காலத்தை ஓட்டினேன். இப்ப உன்னைக் கேக்கறாரு. நீ பதில் சொல்லு."

மௌ முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார். "அந்த லிஃப்ட்ட கட்டினா எங்க சமையலறை ஜன்னல் மறைஞ்சு போயிடும்கா. என் பொண்டாட்டிக்கு ஒரு கண்ணு ஏற்கெனவே சரியில்ல. பகல்லயே விளக்குப் போட்டுத்தான் அரியுறா."

"இதத்தான முதல்லயே சொல்லியிருக்கணும்? நியாயமான காரணம்தான? அத விட்டுட்டு என் காலை ஏன்டா நடுவுல இழுத்த?"

கீழிருந்து மூங்கில் நாற்காலியைக் கொண்டுவந்து, மீதி நான்கு மாடியும் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து அவரை நாற்காலியோடு தூக்கினோம். தேஃபூ அண்ணனுக்கு முழங்கை சிராய்த்தது. எனக்கு ஒரு வாரம் நடக்க முடியவில்லை.

லிஃப்ட் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. ஜன்னலை மறைக்காத மாதிரி வரைபடத்தை மாற்ற வேண்டுமாம். மாற்றுகிற ஆள் வந்தார், அளந்தார், போனார். அப்புறம் வேறு ஆள் வந்தார். பெங் எடுத்த படம் மட்டும் கமிட்டிப் பலகையில் பெரிதாகத் தொங்குகிறது. கீழே "எழுபதிலும் இளமை" என்று சிவப்பில் எழுதியிருக்கிறார்கள். அதைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

அவளுக்கும் கொதிக்கிறது. கொதித்துக்கொண்டே இப்போதும் அரிசி மூட்டையோடு ஏறுகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை இறக்கிவிடுகிறாள். மௌ அவரைச் சக்கர நாற்காலியில் தேநீர்க் கடைக்குத் தள்ளிப்போகிறார். மேலே ஏற்றுவது எங்கள் ஆறு பேர் பாடு.

போன ஞாயிறு கிளம்பும் முன் மௌ குனிந்து தேஃபூ அண்ணன் காலைச் சக்கர நாற்காலியின் கால்பலகையில் தூக்கி வைத்தார். அண்ணன் கட்டடச் சுவரை, லிஃப்ட் வரவேண்டிய அந்த வெற்றிடத்தை, அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எப்போ?"

"நாளைக்கு" என்றார் மௌ.

யூச்சென் அக்கா சட்டென்று திரும்பிக்கொண்டாள். அந்த வார்த்தையைத் தன் வாயால் எத்தனை தடவை சொல்லியிருப்பாள். துணிப்பட்டையைச் சுருட்டிக் கூடையில் எறிந்தாள். "வெயில் ஏறுதுடா, தள்ளிட்டுப் போ" என்று மௌமேல் எரிந்து விழுந்தாள்.